கம்பி சூடாகும் என்று என்னை மூன்று முறை திருப்பி அனுப்பிய உங்கள் மகனைப் பற்றி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதத் தொடங்குகிறேன். இங்கே நானும் என் மனைவியும், உங்கள் மருமகளாகிய என் மகளும், என் மாப்பிள்ளையாகிய உங்கள் மகனும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலிக்கு நான் சொன்ன தைலத்தைத் தடவுகிறீர்களா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகனைப் பற்றி ஒரு புகார் உண்டு. கல்யாணமாகி ஏழு வருடத்தில் இதுதான் முதல் புகார் என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று என்னைத் தனியாக அழைத்து, "பையன் கொஞ்சம் நிதானம்" என்று சொன்னீர்கள். குடிப்பழக்கம் இல்லை என்பதைத்தான் அவ்வளவு நாசூக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். இப்போது அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நான் முப்பத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏழு இருபது வண்டி என்றால் ஏழு இருபதுக்குக் கிளம்ப வேண்டும். ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரோடு ஏற்றிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு இதயத்தின் வலது பக்கத்தில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று போன வருடம் டாக்டரம்மா சந்தேகப்பட்டார். அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால்தான் நெஞ்சைத் திறப்பதா, மாத்திரையோடு விட்டுவிடுவதா என்று முடிவு செய்ய முடியுமாம். அதற்குத் தொடையில் ஊசிபோட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இதயம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பொதுவாக எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்துச் செய்தால் சதை, ரத்த ஓட்டம், அழுத்தம் மூன்றும் ஒரே நேரத்தில் தெரியும், எக்ஸ்ரே கதிரும் உடம்பில் படாது என்றார்கள். சரியென்று படுத்தேன். அந்தக் குழாய் நனைந்த நாடா மாதிரி. இதயத்துக்குள் ஒரு வளைவு இருக்கிறதாம், அதில் திரும்பத் தெரியாமல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே முட்டிக்கொண்டிருந்தது, கடைசியில் அளக்காமலே வெளியே எடுத்துவிட்டார்கள். வளைவில் திரும்பத் தெரியாத ஓட்டுநர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்படி ஒருவரை என் நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்தது அன்றுதான்.

குழாய்க்குள் உலோகக் கம்பி ஒன்று இருந்தால் அதற்கு முதுகெலும்பு கிடைக்கும், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும். காந்தத்தில் ஒட்டாத உலோகமும் இருக்கிறது. தொல்லை வேறு இடத்தில். மெஷின் படம் எடுப்பதற்கு ரேடியோ அலைகளை அனுப்புகிறது. நீளமான கம்பி அதை ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். பிடித்ததெல்லாம் கம்பி நுனியில் சூடாக இறங்கும். நுனி இருப்பதோ என் இதயத்தில். இந்த விவரமெல்லாம் எனக்குச் சொன்னது உங்கள் மகன்தான். அந்த ஆஸ்பத்திரியில் மெஷின் பாதுகாப்பைப் பார்க்கும் இன்ஜினியர் அவர்தானே. ரேடியோ அலையைக் குறைத்து மெஷினைச் சன்னமாகப் பேசவைத்து, கம்பி சூடேறாமல் படம் எடுக்கும் வழியை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வழி கிடைத்துவிட்டது, முதல் ஆளாக யார் படுப்பீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது நான்தான் சம்மதித்தேன். நம்ம வீட்டு மாப்பிள்ளை வேலை, நாமே படுக்காவிட்டால் எப்படி என்ற பெருமை. அப்போது அவர் முகம் போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும். "சொந்தக்காரர்ங்கறதால என் கையெழுத்து மட்டும் போதாது, இன்னொரு இன்ஜினியரும் போடணும்" என்று அவரே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். இன்னொருவர் அன்றைக்கே போட்டுவிட்டார். உங்கள் மகன் போடவில்லை.

முதலில் குறித்த தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில், கையில் டேப்போடு வந்து நின்றார். "மாமா, கொஞ்சம் எழுந்து நிக்கறீங்களா" என்றார். நின்றேன். தொடையிலிருந்து நெஞ்சுவரைக்கும் அளந்தார், தோளுக்குத் தோள் அளந்தார், வயிற்றைச் சுற்றி அளந்தார், அளந்து முடித்துவிட்டு வயிற்றை மட்டும் இன்னொரு தடவை அளந்தார். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி சமையலறையிலிருந்து இதைப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை எனக்கு ஆச்சரியமாகச் சட்டை தைத்துத் தரப்போகிறார் என்று அவளாகவே முடிவுகட்டி, மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லி, அவங்க எதிர்வீட்டில் சொல்லி, நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள தெருவே அந்தச் சட்டை என்ன கலர்னு கேட்க ஆரம்பிச்சிடுச்சு. கடைசியில் பார்த்தா, கம்பி எத்தனை சென்டிமீட்டர் உடம்புக்குள்ள இருக்குதோ அதைப் பொறுத்து சூடு மாறுமாம், என் உயரத்துக்கு அவர் சோதிச்சுப் பார்க்கலையாம், அதனால தேதி தள்ளிப்போச்சு. சட்டையும் இல்லை, சிகிச்சையும் இல்லை. இது முதல் தடவை.

ரெண்டாவது தடவை நடந்ததை என் மனைவி இன்னும் மறக்கல. தேதிக்கு ரெண்டு நாள் முன்னால, சாயங்காலம் அவர் பால்கனியில நின்னு போன்ல பேசிட்டிருந்தார். இவ துணி எடுக்கப் போனவ கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டா. அவ காதுல விழுந்ததை அப்படியே எழுதறேன். "மாமாவ காலைலயே தொட்டியில இறக்கிடுங்க. கம்பிய இன்னும் பத்து சென்டிமீட்டர் உள்ள விட்டுப் பாருங்க. சூடு ஏறினா ஏறட்டும், எவ்வளவு தாங்குதுன்னு பாக்கணும். என்னது, வயித்துல வெடிப்பா? எவ்வளவு ஒழுகியிருக்கு? சரி, துடைச்சிட்டு மூடி வைங்க, நாளைக்கு வேற மாமா பண்ணிக்கலாம்." சம்பந்தி, அவ துணிக்கூடையோட அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. நான் உள் அறையில உயிரோட ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கேன், என்னை வந்து தொட்டுப் பார்க்கறா. வயித்தைக் காட்டுங்கறா. அப்புறம் நேரா மாப்பிள்ளைகிட்ட போய், "உங்களுக்கு எங்கமேல என்ன கோபம்னாலும் உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்"னு சொல்லியிருக்கா. அவருக்கு ஒன்னும் புரியல. என் மக வந்து ரெண்டு பேரையும் உட்காரவச்சு விளக்கினதுக்கப்புறம்தான் தெரிஞ்சது, கம்பியைச் சோதிக்கறதுக்கு உப்பும் கெட்டிப்படுத்தற பொடியும் கலந்து ஆள் அளவுக்கு ஒரு ஜெல்லி உடம்பு செஞ்சு வச்சிருக்காங்க, அதோட அளவு என் அளவு, அதோட பேர் மாமா. அந்த மாமாவுக்கு வயித்துப் பக்கம் வெடிப்பு விட்டுடுச்சு. புது மாமா செஞ்சு இறுக ஒரு வாரம், சோதிக்க ஒரு வாரம். தேதி மறுபடியும் தள்ளிப்போச்சு.

மூணாவது தடவைதான் எனக்கு நிஜமாவே கோபம் வந்தது. அன்னைக்கு எல்லாம் ஆயிடுச்சு. காலைல ஆறு மணிக்கு வரச்சொன்னாங்க, நான் அஞ்சே முக்காலுக்கே போயிட்டேன். வெறும் வயிறு. முதுகுப் பக்கம் திறந்திருக்கற கவுன் ஒன்னு குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன். மோதிரம், கண்ணாடி, பல் செட்டு எல்லாம் கழட்டி மனைவிகிட்ட குடுத்தாச்சு. நர்ஸ் வந்து உடம்புக்குள்ள எங்கயாவது உலோகம் இருக்கான்னு மூணு தடவை கேட்டுட்டுப் போனா. படுக்கையை உருட்டிக்கிட்டு நடைபாதை வரைக்கும் வந்தாச்சு. மணி எட்டு பத்து. அந்த நேரத்துல உங்க மகன் கோட்டு பட்டன் ஒன்னு மாறிப் போட்டிருக்க, கையில ஒரு தாளோட ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மாகிட்ட தாளைக் காட்டி ஏதோ சொன்னார். அவங்க தாளைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, கையுறையைக் கழட்டினாங்க. பல் செட்டு இல்லாத வாயோட, "என்ன மாப்பிள்ளை"ன்னு கேட்டேன், அது வேற மாதிரி கேட்டிருக்கும். "இன்னைக்கு வேணாம் மாமா, வீட்டுக்குப் போயிடலாம்"னார். இன்னொரு இன்ஜினியர் பக்கத்துல நின்னு, "நான் கையெழுத்து போட்டாச்சே, எல்லாம் ஒரு டிகிரிக்குள்ளதானே இருக்கு"ன்னு சொல்றார். இவர் டாக்டரம்மா பக்கம் திரும்பி, "நான் போடல"ன்னு சொன்னார். அவ்வளவுதான், படுக்கையை வந்த வழியே திருப்பிட்டாங்க. நான் இருந்த காலத்துல ஒரு வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பினதுக்கப்புறம் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது.

அதுக்கப்புறம் பதினோரு நாள் நான் அவரோட பேசல. சாப்பாட்டு மேஜையில உப்பு வேணும்னாக்கூட மகள்கிட்ட சொல்லி அவகிட்டேருந்து வாங்கிக்கிட்டேன், உப்பு அவர் கைக்குப் பக்கத்துலதான் இருக்கும். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி ரெண்டு தலையணை வச்சாதான் தூக்கம் வருது, நெஞ்சைத் திறக்கணுமா வேண்டாமான்னு தெரியாமலே நாள் போயிட்டிருக்கு. எனக்கு பயம், சம்பந்தி. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, பயத்தைக் கோபம்னு சொல்லிக்கிட்டு வீட்ல எல்லாரையும் படுத்திட்டிருந்தேன். பன்னிரண்டாவது நாள் என் மக வந்து, "அப்பா, சும்மா ஒரு தடவை அவர் வேலை செய்யற இடத்தை வந்து பாருங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போனா.

அடித்தளத்துல ஜன்னல் இல்லாத ஒரு அறை. நடுவுல மெஷின், அதுக்குள்ள ஒரு தொட்டி, தொட்டிக்குள்ள மாமா. மூடி மேல அந்தப் பேரைக் கொட்டை எழுத்துல அப்படியே ஒட்டியிருந்தாங்க. உயரம் சரியாதான் இருந்தது, வயிறுதான் மிகைன்னு எனக்குப் பட்டது. அங்க வேலை செய்யற டெக்னீசியன் அம்மா என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அந்தச் சீட்டைக் கிழிக்கப் பார்த்தாங்க. நான், "இருக்கட்டும்மா, யார் வச்ச பேரு"ன்னு கேட்டேன். அவங்க மாப்பிள்ளை பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு, மெதுவா, "சார்தான் வச்சார். ஜெல்லின்னு கூப்பிட்டா நாங்க அசால்ட்டா இருந்துடுவோமாம்"னாங்க. நான் அந்தச் சீட்டை இன்னொரு தடவை படிச்சேன். வயித்தளவு பத்தி அவங்ககிட்ட சொல்ல நினைச்சதை அப்புறம் சொல்லல.

மாப்பிள்ளை என்கிட்ட எதுவும் விளக்கல, செஞ்சு காட்டினார். கம்பி உடம்பு நடுவுல இருக்கும்போது நுனிச் சூடு எத்தனை டிகிரி ஏறுதுன்னு திரையில காட்டற எண் அசையவே இல்லை. அப்புறம் கம்பியைப் பத்து சென்டிமீட்டர் வெளியே இழுத்து, வெளியே இருக்கற பாகத்தை மெஷின் ஓரமா ஒதுக்கிவச்சார். அதே மெஷின், அதே சன்னமான அளவு. எண் ஏறிச்சு. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு ஒரு நிமிஷம் ஆகறதுக்குள்ள அஞ்சைத் தாண்டிடுச்சு. டாக்டரம்மா குழாயைத் திருப்பும்போது கம்பியை முன்னும் பின்னும் இழுக்கத்தான் செய்வாங்க, அது ஓரமா சரியறதும் சகஜம்தான். அந்த ஒரு நிலைமையை அன்னைக்குக் காலைல ஏழு மணிக்குத்தான் அவர் சோதிச்சிருக்கார். நான் வெறும் வயித்தோட மேலே காத்துக்கிட்டிருந்த நேரம். "அன்னைக்கு உள்ள போயிருந்தா?"ன்னு கேட்டேன். அவர் தொட்டி மூடியை மூடிட்டு, "டீ குடிக்கறீங்களா மாமா"ன்னார். குடிச்சேன். அன்னைக்குத்தான் பேச ஆரம்பிச்சோம், சர்க்கரை போதுமான்னு.

அதுக்கப்புறம் அவர் செஞ்சது ஒரு சின்னப் பெட்டி. கம்பியோட வெளி நுனியில மாட்டணும். கம்பியில எவ்வளவு மின்சாரம் ஓடுதுன்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். அளவைத் தாண்டினா யாரையும் கேட்காம மெஷினை நிறுத்திடும், சூடு ஏறறதுக்கு முன்னாடியே. அதை மாமாமேல நாப்பத்தோரு தடவை சோதிச்சார். நாப்பது போதாதான்னு கேட்டேன். முதல் தடவை டெக்னீசியன் அம்மாவுக்குத் தும்மல் வந்து கை ஆடிடுச்சாம், அதைக் கணக்குல சேர்க்கலையாம்.

போன வியாழக்கிழமை ரெண்டு கையெழுத்தோடவும் உள்ள போனேன். ஒன்பது இருபதுன்னு சொன்னாங்க, ஒன்பது அம்பத்திரண்டுக்குத்தான் ஆரம்பிச்சாங்க, இதைப் பதிவு செஞ்சு வைக்கறேன். காதுல ஹெட்போன், அதுல உங்க மகன் குரல், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, "மாமா, நெஞ்சுல சூடா ஏதாவது தெரியுதா?" "இல்லை மாப்பிள்ளை." "உண்மையா சொல்லுங்க மாமா." "உண்மையாதான் சொல்றேன்." "பேசாதீங்க மாமா, படம் அசையுது." கேட்கறதும் அவர்தான், பேசாதீங்கன்னு சொல்றதும் அவர்தான். மெஷின் தகரத்தை உளியால தட்டற மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே இருந்தது, டாக்டரம்மா என் தொடைப் பக்கம் நின்னு வேலை செஞ்சிட்டிருந்தாங்க, திடீர்னு எல்லாம் நின்னுபோச்சு. அந்தச் சத்தத்தைவிட அது நின்னதுதான் காதை அடைச்சது. நெஞ்சுக்குள்ள கம்பி இருக்கு, என்னால அசைய முடியாது. ஹெட்போன்ல, "மாமா, ஒன்னுமில்ல. பெட்டிதான் நிறுத்தியிருக்கு. சூடு ஏறல"ன்னார். "எத்தனை நிமிஷம் ஆகும்?"னு கேட்டேன். "தெரியாது மாமா"ன்னார். முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ பேரை இந்தக் கேள்வி கேட்டிருக்கேன். எல்லாரும் "இதோ ரெண்டே நிமிஷம் சார்"னுதான் சொல்லுவாங்க. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் இவர்தான், எனக்கு அந்த வார்த்தையில ஏன் தெம்பு வந்ததுன்னு இன்னும் புரியல.

கதவு திறந்து அவரே உள்ள வந்தார். குழாயைத் திருப்பும்போது கம்பி ஓரமா சரிஞ்சிருந்தது, அன்னைக்கு ஜெல்லியில காட்டின அதே இடம். அதை எடுத்து நடுவுல வச்சு, அடியில பஞ்சுத் திண்டு ஒன்னு குடுத்து, ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தார். படுத்திருந்தவனுக்கு அவர் தாடை மட்டும்தான் தெரிஞ்சது. ஒரு பக்கம்தான் சவரம் பண்ணியிருந்தார், இன்னொரு பக்கத்தை மறந்துட்டார். போறதுக்கு முன்னாடி என் தோள்மேல கை வச்சு ஒரு அழுத்து அழுத்தினார். ஏழு வருஷத்துல அவர் என்னைத் தொட்டதெல்லாம் அந்த டேப்பாலதான். அப்புறம் மெஷின் மறுபடியும் தட்ட ஆரம்பிச்சது. பதினோராவது நிமிஷம் குழாய் அந்த வளைவுல திரும்பிடுச்சு. டாக்டரம்மா முகமூடிக்குள்ள சிரிக்கறது கண்ணுல தெரிஞ்சது.

அழுத்தம் கொஞ்சம்தான் கூட. நெஞ்சைத் திறக்க வேண்டாம், மாத்திரை போதும்னுட்டாங்க. வெளியில உட்கார்ந்திருந்த என் மனைவி அழுதா, அழுதுக்கிட்டே மாப்பிள்ளைகிட்ட, "காலைலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா. என்னைக் கேட்கல.

இவ்வளவு நடந்தும் உங்கள் மகன் திருந்தவில்லை என்பதுதான் என் புகாரின் சாரம். மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போதுகூட, "மாமா, மெஷின் நின்ன நேரத்துல நிஜமாவே ஒன்னும் தெரியலையா, அத்தை எதிர்ல சொல்லத் தயங்காதீங்க" என்று விசாரித்து எழுதிக்கொண்டார். அடுத்ததாகப் படுக்க வேண்டியவர் ஒரு கணக்கு டீச்சர். அவருக்குக் குறித்த தேதியையும் தள்ளிவைத்தாகிவிட்டது. அந்த அம்மா என் நம்பரைத் தேடிப் பிடித்து, "உங்க மாப்பிள்ளை எப்பவுமே இப்படித்தானா சார், இப்ப என் இடுப்பை அளக்கணும்கறார்" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? பெற்றவர் என்ற முறையில் தாங்கள்தான் அவரைக் கூப்பிட்டு, உலகத்தில் கடிகாரம் என்று ஒன்று இருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். சற்றுக் கடுமையாகவே சொன்னாலும் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். வீட்டில் உள்ள சிறியவர்களுக்கு எங்கள் ஆசிகள். முழங்காலைக் குளிரில் காட்டாமல் நீங்கள் நூறு வருடம் நடமாட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை உள்ளே போய் அழுத்தத்தைப் பார்க்க வேண்டுமாம், தேதியும் நேரமும் சொன்னார்கள். அந்த வாரம் மாப்பிள்ளை வெளியூரில் ஒரு மாநாட்டில் இருப்பார். பரவாயில்லை, புதிதாக ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார், ரொம்ப வேகம், சொன்ன நேரத்துக்கு டாண் என்று ஆரம்பித்து முடித்துவிடுவார் என்றார்கள். என் மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்து, சாவகாசமாகச் சோதித்துப் பார்த்து, அவர் எப்போது வரச் சொல்கிறாரோ அப்போது வருகிறேன், ஒரு மாதம் ஆனாலும் சரி, மூன்று மாதம் ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட அவரிடம் கேட்டுவிடாதீர்கள், அவர் பாட்டுக்கு அவர் இருக்கட்டும். டாக்டரம்மாவே போனை வாங்கி, "நேரம்னா உங்களுக்கு உயிராச்சே சார்"னு ஆச்சரியப்பட்டாங்க. உயிர்மேலயும் எனக்குப் பிரியம் உண்டும்மான்னு சொல்லி வச்சுட்டேன்.